சைக்கிள் டியூப்பும் கறுப்புக் குழாயும்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் உள்ள தோட்டத்துக்கு நான் விடுமுறையில் வந்தால், மாமா வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்கிறார்: "எங்கள் மாப்பிள்ளை கனடாவில் வண்டிக்குள்ளேயே கக்கூஸ் வைத்திருக்கிறான்." கேட்பவர்கள் முகம் சுளிப்பதில் அவருக்குப் பரம திருப்தி. கிளுவை வேலிக்கு அப்பால் தள்ளிவைக்க வேண்டிய சமாச்சாரத்தை நான் காசு கொடுத்து வாங்கிக் கூடவே இழுத்துக்கொண்டு திரிகிறேனாம்.

கனடாவின் கல்கரி நகருக்குக் குடிபோன மூன்றாம் வருடம் பழைய கேம்பர் ஒன்றை, அதாவது உள்ளேயே தங்கிக்கொண்டு ஊர் சுற்றும் வண்டியை, வாங்கினேன். அடியில் இரண்டு தொட்டிகள்: ஒன்று கழிப்பறைக்கு, மற்றொன்று குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு. பனிக்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். வால்வுக்கு முன்னால் குழாயில் தேங்கிய தண்ணீரை நான் மறந்துவிட்டேன். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். ஏப்ரலில் குனிந்து பார்த்தால், குளியல் தண்ணீர் வரும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். கழிப்பறைக் குழாய் தப்பித்தது குலதெய்வத்தின் கருணை.

போர்வெல் குழாய் ஒட்டிப் பழகிய கை அல்லவா? விரிசலை அறுத்தெடுத்து, வெள்ளை பிவிசி துண்டைச் செருகி, பிவிசி பசையையே தடவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் சரளைப் பாதையிலேயே கழன்று தொங்கியது.

கல்கரியில் காலை பத்து, ஊரில் இரவு ஒன்பதரை. வீடியோவில் பார்த்த மாமா, "கறுப்புக் குழாய்க்குப் பசை பிடிக்காது சாமி. ரப்பரைச் சுற்றி இறுக்கு. சைக்கிள் டியூப் இருக்கிறதா?" என்றார். சொட்டுநீருக்குப் போட்ட கறுப்புக் குழாயை மனத்தில் வைத்துச் சொல்கிறார். அதற்குப் பசை பிடிக்காதுதான்.

கடைக்காரர் வேறு விதமாகச் சொன்னார். கேம்பரில் இருப்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதற்கென்று தனிப் பசை உண்டு, பிவிசி பசை அதோடு உருகிச் சேராது. பிறகு, நாளைக்குக் கழற்ற வேண்டிய இடத்துக்கு என்று ஒரு ரப்பர் உறையையும் இரண்டு எஃகுப் பட்டைகளையும் எடுத்து வைத்தார். கடையிலேயே சிரித்துவிட்டேன். மாமா சொன்ன காரணம் தப்பு, வைத்தியம் சரி.

இம்முறை ஹேக்ஸா பிளேடால் நேராக அறுத்து, பிசிறைத் தேய்த்து, பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே ஒட்டினேன். ஏபிஎஸ் பசை நொடிகளில் பிடித்துக்கொள்கிறது, திருப்பிச் சரிசெய்ய விடாது. ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்து, ஆடாமல் இருக்கப் பட்டை கட்டித் தொங்கவிட்டேன். தொட்டியை நிரப்பி, கீழே அட்டையை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

இந்த முறை ஊருக்கு அதே மாதிரி ரப்பர் உறை ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்தேன். மாமாவின் 63 மில்லிமீட்டர் குழாய்க்கு அது பொருந்தவில்லை. அவர் வழக்கம்போல டியூப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். உறை இப்போது திண்ணையில் இருக்கிறது, கக்கூஸ் வண்டிக் கதைக்குச் சாட்சியாக.