நோவாவின் கூடாரம் வரை வாசியுங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் சபையில் வியாழன் மாலைகளில் ஒன்பது பேர் கூடி வேதம் படிக்கிறோம். சின்ன வயதில் கேட்ட கதைகளையே திரும்ப எடுப்போம் என்று முடிவானபோது எனக்குப் பெரிய விருப்பம் இருக்கவில்லை. ஞாயிறு பாடசாலையில் நிறம் தீட்டி முடித்த கதைகள்தானே என்று நினைத்தேன். நினைத்தது பிழை என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது.

இப்படி ஒரு குழு தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: வேதத்தைத் திறக்காமல் கதையை ஞாபகத்திலிருந்து சொல்லுங்கள், ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். நாங்கள் முதலில் எடுத்தது, பெருவெள்ளத்தில் பேழை என்ற கப்பலில் தப்பிய நோவாவின் கதை. எங்கள் தாளில் இருந்தவை, சோடி சோடியாக மிருகங்கள், நாற்பது நாள் மழை, புறா, வானவில். அவ்வளவுதான்.

அப்புறம் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 6ஆம் அதிகாரம் முதல் 9ஆம் அதிகாரம் வரை ஆளுக்குக் கொஞ்சமாகச் சத்தமாக வாசித்தோம். பழைய மொழிபெயர்ப்போடு 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்தால் இளம் பிள்ளைகள் சொல்லில் தடுக்கி நிற்கமாட்டார்கள். விளக்கவுரைகளைக் கடைசிவரை மூடியே வையுங்கள்.

மழைதான் நாற்பது நாள். 7:11இலும் 8:14இலும் உள்ள தேதிகளைக் கணக்குப் பார்த்தால், நிலம் காய ஒரு வருடமும் பத்து நாளும் ஆகியிருக்கிறது. அவ்வளவு காலமும் நோவா பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. அவர் வாய் திறப்பது 9:25இல், அதுவும் சாபமிட. அதற்குமுன் அவர் திராட்சத்தோட்டம் போட்டு, குடித்து வெறித்து, தன் கூடாரத்தில் உடுப்பு விலகிக் கிடக்கிறார். இந்த இடத்தை எங்களுக்கு யாரும் நிறம் தீட்டத் தந்ததில்லை.

2004 டிசம்பர் 26இல் மகளைக் கடலுக்குக் கொடுத்த அக்கா ஒருவர் எங்களோடு இருக்கிறார். அதுவரை பேசாமல் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "கூடாரம் எண்டதும் எங்கட முகாம்தான் கண்ணுக்குள்ள வந்தது. தப்பின ஆம்பிளைகள் பின்னேரமானா அப்படித்தான் குடிச்சிட்டுக் கிடந்தாங்க. எங்கட வீட்டுக்காரரும்தான்."

தேத்தண்ணீர் ஆறிப்போனது. நோவா ஏன் குடித்தார் என்று வேதம் சொல்லவில்லை, நாங்களும் காரணம் கட்டவில்லை. ஆனால் அதை ஒரு நல்ல மனிதரின் சறுக்கல் என்று மட்டும் பார்த்து வந்த எனக்கு, ஊரே போனபின் மிஞ்சியிருக்கிற ஒருவரின் கதையாக அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம் கரையோரத்தில் இந்தக் கதையை எடுப்பவர்கள், யார் யார் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே யோசியுங்கள். ஒருவரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அந்த நாட்களில் சுனாமியைத் தண்டனை என்று ஒருவர் தன் முகத்துக்கு நேரே சொன்னதை அக்கா இன்னும் மறக்கவில்லை. அதனால் 8:21ஐ இரண்டு தரம் வாசித்தோம். இனி எல்லா உயிரையும் அழிப்பதில்லை என்று கடவுள் தம் உள்ளத்தில் சொல்லிக்கொள்ளும் வசனம் அது.

அடுத்த வாரம், பெரிய மீனால் விழுங்கப்பட்ட யோனா. மீனின் கதை இரண்டாம் அதிகாரத்தோடு முடிந்துவிடும், புத்தகத்தில் இருப்பதோ நான்கு அதிகாரம். கடைசி வசனம் கடவுள் கேட்கும் ஒரு கேள்வி, யோனாவின் பதில் அங்கே இல்லை. நான்காம் அதிகாரத்தைத் தான் வாசிப்பதாக அக்கா கேட்டு வாங்கியிருக்கிறார்.