சேலைக்கு டேக், ஆளுக்கு டேக்

ஜவுளிக்கடையில் போய் "டேக் போடணும்" என்று சொன்னால் விலைச்சீட்டு ஒட்டுகிற மிஷினை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பக்கம் ஒரு கடையில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு அதுதான் நடந்தது. "சேலைக்கு இல்லைக்கா, கஸ்டமருக்கு" என்றேன். பில் போடுகிற அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆளுக்கு என்ன விலை போடப்போற?"

முதலாளி கேட்டது எளிய விஷயம்தான். ஆடித் தள்ளுபடிச் செய்தி எல்லோருக்கும் ஒரே மாதிரி போகிறது. பட்டு எடுப்பவருக்குப் பட்டைப் பற்றியும், சுங்குடி எடுப்பவருக்குச் சுங்குடியைப் பற்றியும் போகவேண்டும். அதற்காகக் கணினியில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரோடும் ஒட்டிவைக்கிற சின்னக் குறிப்புதான் டேக். முதலில் வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கிற லேபிளை வைத்துப் பார்த்தோம். மொத்தம் 20 லேபிள்தான் வைக்க முடிந்தது. ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அதிலும் நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் இருக்கும் கடைக்கு அது காணாது. அதனால் பில் மென்பொருளிலேயே டேக் வசதியைத் திறந்தோம்.

டேக் போடுவதற்கு முன்னால் ஒரு மாதம் குப்பை அள்ளவேண்டியிருந்தது. சு. முருகன், முருகன் சு, எஸ். முருகன் என்று மூன்று பேராக இருந்தவர் ஒரே ஆள். பெயரை நம்பிப் பயனில்லை, செல் எண்தான் அடையாளம் என்று முடிவு செய்தேன். அதுவும் சிலதில் முன்னால் பூஜ்யம், சிலதில் 91. எல்லாவற்றுக்கும் 91 சேர்த்து எக்ஸெல்லில் ஒட்டினால், 12 இலக்க எண்ணை அது ஏதோ நட்சத்திர தூரம் மாதிரி சுருக்கிக் காட்டியது. கவனிக்காமல் சிஎஸ்வி கோப்பாக, அதாவது திரையில் தெரிவதை அப்படியே வெறும் எழுத்தாகப் பதிகிற கோப்பாகச் சேமித்தேன். கடைசி இலக்கங்கள் எல்லாம் பூஜ்யம்! பழைய பிரதி இருந்ததால் பிழைத்தேன்.

எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அப்பா எண்ணைச் சொல்லித்தான் மகள் சுடிதார் எடுப்பாள், மருமகளும் எடுப்பாள். ஆக, நாம் டேக் போடுவது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

யார் வேண்டுமானாலும் டேக் உருவாக்கலாம் என்று விட்டது என் முதல் தப்பு. மூன்று மாதத்தில் 'பட்டு', 'சில்க்', 'பட்டுச்சேலை' என்று மூன்று தனித்தனி டேக். கடைசியில் ஒரு வெற்றிடத்தோடு இன்னொரு 'பட்டு'. அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. 'விஐபி' என்று ஒன்று. முதலாளிக்குத் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லோரும் விஐபி. அப்புறம் பட்டியலை மூடினேன். புது டேக் வேண்டுமென்றால் என்னிடம் கேட்கவேண்டும், நான் அதற்கு ஒரு வரி விளக்கம் எழுதவேண்டும்.

எது டேக், எது இல்லை என்றும் பிரித்தேன். ஊர் ஏற்கெனவே முகவரியில் இருக்கிறது, அதற்கு டேக் வேண்டாம். ஒரு வருடமாக வராதவர் யார், அதிகம் வாங்கியவர் யார் என்பதை பில் தேதியையும் தொகையையும் வைத்துக் கணினியே சொல்லிவிடும். கையால் ஒட்டினால் மறுமாதமே பொய்யாகிவிடும். மனிதர் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத் தெரிந்துகொள்வது மட்டும்தான் டேக்குக்கு மிச்சம்.

அப்படிப்பட்ட விஷயங்களின் களஞ்சியம் எங்கள் பெரியண்ணாச்சி. பட்டுப் பிரிவில் முப்பது வருடம். மத்தியானம் கடை அசந்திருக்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதுவேன். "பாளையங்கோட்டை டீச்சரம்மா இருக்காங்கள்ல, வெளிர் கலர்தான் எடுப்பாங்க. மாமியார் கூட வந்தா மட்டும் அரக்கு." நான் 'வெளிர் நிறம்' என்று எழுதிக்கொண்டேன். மாமியாரை எந்தக் கட்டத்திலும் அடைக்க முடியவில்லை.

அவரிடமிருந்து வந்ததுதான் 'கல்யாண வீடு' என்ற டேக்கும். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற குடும்பம் ஒரே தடவையில் வாங்குவது மற்ற வீடுகள் வருடம் முழுவதும் வாங்குவதைவிட அதிகம். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு வந்த வீடுகளுக்கெல்லாம் வரிசையாக ஒட்டினேன். ஐப்பசி வந்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. தலைத்தீபாவளி! கல்யாண வீடு என்று டேக் இருக்கிற எல்லா எண்களுக்கும், "மணமக்களுக்குத் தலைத்தீபாவளி வாழ்த்துகள்" என்று படத்தோடு அனுப்பினேன். அன்றைக்கு மட்டும் பதினைந்து குடும்பம் வந்தது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். சத்தம் போடவில்லை. போனை மேஜைமேல் வைத்து, செய்தியைக் காட்டி, "இது இனிமே வரக்கூடாதும்மா" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியண்ணாச்சிதான் சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கல்யாணம் நின்னு போச்சு தாயி. ஆவணியிலயே எனக்குத் தெரியும்."

"அண்ணாச்சி, சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆளுக்கு என்ன விலை போடப்போற என்று அக்கா கேட்டது திரும்பத் திரும்ப வந்தது. சேலையில் தொங்குகிற டேக் அந்தச் சேலை விற்கிறவரைக்கும் உண்மை. அந்த வீட்டுக்கு நான் ஒட்டியது, அவர்கள் கடைக்கு வந்த அந்த ஒரு நாளுக்கு மட்டும் உண்மை. அதை அந்த வீட்டின் பெயராகவே ஆக்கிவிட்டிருந்தேன்.

அடுத்த வாரம் எல்லா டேக்குக்கும் இரண்டு தேதி சேர்த்தேன்: போட்ட நாள், காலாவதியாகும் நாள். மாத்திரை அட்டையில் இருப்பதுபோல. எந்தப் பட்டியலும் பெரியண்ணாச்சி கண்ணில் படாமல் வெளியே போகக்கூடாது என்று இன்னொரு விதி. அவருக்கு அது பிடித்திருந்தது என்பதை மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் விதத்திலேயே கண்டுகொண்டேன்.

சில டேக்குகளை அடியோடு அழித்தேன். 'பேரம் ஜாஸ்தி', 'சும்மா பார்க்க வருபவர்' என்றெல்லாம் யாரோ போட்டு வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தாலும் கூசாமல் திரையைத் திருப்பிக் காட்ட முடிகிறதா? அதுதான் என் அளவுகோல். 2023-ல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது: எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லித்தான் தகவலை வாங்கவேண்டும், அந்த வேலை முடிந்தால் அழிக்கவேண்டும். தகவல் தருகிறவர் வேண்டுமென்றால் அந்த அறிவிப்பைத் தமிழிலேயே பார்க்க வழி இருக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் கூடாது என்றிருப்பதால், பிள்ளைகள் பிறந்தநாள் டேக் என்ற முதலாளியின் ஆசையும் கைவிடப்பட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்போது டேக் எண்ணிக்கை முப்பதுக்குள்தான். போன வாரம் பெரியண்ணாச்சி ஒரு குடும்பத்தை வழியனுப்பிவிட்டு என் மேஜைக்கு வந்தார். "தாயி, இவங்களுக்குக் கல்யாண வீடுன்னு போடு. தையில முகூர்த்தம்."

"எதுவரைக்கும் அண்ணாச்சி?"

கொஞ்சம் யோசித்தார். "மாசி வரைக்கும் போடு. அப்புறம் நான் விசாரிச்சுச் சொல்றேன்."