கிளட்சை மிதித்தால் கிராங்க் நகர்ந்தது

டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்ப்பார்கள், அப்புறம் சீட்டைப் பார்ப்பார்கள். நான் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரை உள்ளே உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, எஞ்சினின் முன்பக்கப் புல்லியைக் கவனித்தேன். மிதிக்கும்போதெல்லாம் புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னால் வந்தது. விற்பவரின் முகம் கொஞ்சம் மாறியது. விலையும் மாறியது.

இந்த எஞ்சினின் பெரிய பலவீனம் அதுதான். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட்; அந்தப் புல்லி இருப்பது அதன் முன் முனையில். அது முன்னும் பின்னும் நகராமல் இருக்க, அதைத் தாங்கும் மெயின் பேரிங்குகளில் கடைசியானதன் இரு பக்கத்திலும் த்ரஸ்ட் வாஷர் என்ற அரைவட்டத் தகடு ஒவ்வொன்று உண்டு. கிளட்சை மிதிக்கும்போது அந்த அழுத்தம் முழுக்கக் கிராங்கை முன்னால் தள்ளும். அதைத் தாங்குவது பின்பக்க வாஷர். அது தேய்ந்து மெலிந்துவிட்டால் ஒருநாள் நழுவி எண்ணெய்த் தொட்டிக்குள், அதாவது சம்ப்புக்குள், விழும். அதன் பிறகு கிராங்க் நேராக பிளாக்கிலேயே உரசும். சில பவுண்டு விலையுள்ள ஒரு துண்டுக்காக எஞ்சினே போய்விடும்.

நான் வாங்கியது 1500 மாடல், 1493 சிசி. இதே எஞ்சின் குடும்பம் 1953இல் ஸ்டாண்டர்டு எயிட் காரில் 803 சிசியோடு பிறந்தது. நடுவில் 948 சிசியாக இருந்தபோது டிரயம்ப் ஹெரால்டில் வந்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். என் பெரியப்பா ஒன்று வைத்திருந்தார். ஹெரால்டின் சேஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கி, அதன்மேல் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்த உடலை உட்காரவைத்ததுதான் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் கோவென்ட்ரியின் கேன்லி ஆலையில் வந்தது. நான் இருப்பதும் கோவென்ட்ரிதான். ஆலை இருந்த பக்கம் இப்போது வணிக வளாகங்கள். ஹெரால்ட் அவென்யூ என்று ஒரு சாலைக்குப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வேலைக்கு வருகிறேன். இந்தக் காரில் வேலை செய்வது சுகம். பானட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினைத் தொடலாம். ஒரே தொல்லை, போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. என்னிடமிருந்த மில்லிமீட்டர் ஸ்பானர் செட் உதவவில்லை. 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று அளவுகள் கையில் இருந்தால் பாதிக் காரைக் கழற்றிவிடலாம்.

முதலில் அளந்தேன். புல்லியின் மேல், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, நெம்பி முன்னும் பின்னும் தள்ளியதில் அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கு ஆட்டம். எட்டுக்குள் வந்தால் போதும் என்பது என் கணக்கு. எஞ்சினை வெளியே எடுக்கத் தேவையில்லை. காரை ஸ்டாண்டுகளில் ஏற்றி, ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றினால் வழி திறந்துவிடும்.

சம்ப்பின் முன்பக்க போல்ட்டுகள்மேல்தான் எனக்குப் பயம். அவை இறங்குவது ஒரு அலுமினியத் துண்டில். யாராவது வேகமாக முறுக்கியிருந்தால் மரை போயிருக்கும். என் வண்டியிலும் இரண்டு போயிருந்தது. அதற்குப் பதிலாக இரும்பில் செய்த துண்டு கிடைக்கிறது, அதையே வாங்கிப் போட்டேன். இதில் காசு பார்க்கக் கூடாது.

அப்புறம் கடைசி பேரிங்கின் கேப், அதாவது கீழ்ப்பக்க மூடி. அதைக் கழற்றியதும் பழைய வாஷரை மெல்லிய குச்சியால் ஒரு பக்கம் தள்ளி, கிராங்கைக் கையால் சுற்றினால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். பின்பக்க வாஷரில் வெள்ளை உலோகம் தேய்ந்து செம்புநிறம் தெரிந்தது. முன்பக்க வாஷர் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. புது வாஷர்களைச் சாதாரண அளவில் போட்டுப் பார்த்ததில் ஆட்டம் பத்துக்கு இறங்கியது. பின்பக்கத்துக்கு மட்டும் ஐந்து பங்கு தடிமன் கூடியதைப் போட்டேன். கேஜ் ஐந்தில் நின்றது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: எண்ணெய்ப் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் இரும்பு முதுகு கிராங்கை அரைத்துவிடும். கேப் போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். புது கேஸ்கட், 20W50 ஆயில், அவ்வளவுதான்.

பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். வாஷர் கதையை அரைக்காதில் கேட்டுவிட்டு, "முன் சக்கரத்து ட்ரனியனைப் பார்த்தியாடா? அதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விடணும்" என்றார். அவர் சொன்னது சரி. முன் சக்கரம் திரும்புவதே அந்தப் பித்தளைத் துண்டின் மரையில்தான். கிரீஸ் கெட்டியாகி உள்ளே போகாமல் நின்றுவிடும். மரை காய்ந்து, துருப்பிடித்து, என்றாவது திருப்பத்தில் உடைந்து சக்கரம் மடங்கும். என் வண்டியிலிருந்து வந்தது பழைய கிரீஸ்தான். கழற்றிச் சுத்தம் செய்து ஈபி90 கியர் ஆயில் விட்டேன்.

பெட்ரோல் குழாய்களையும் மாற்றினேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது; அந்த எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். நான் சூப்பர் பெட்ரோல்தான் போடுகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய கார் என்பதால் சாலை வரி இல்லை, வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். என் கண்ணுக்குப் படாதது இன்னொருவர் கண்ணுக்குப் படலாம் இல்லையா?

ஓட்டும் சுகத்தைப் பற்றி என்ன சொல்வது. 71 குதிரைத்திறன்தான்; சிக்னலில் இன்றைய சின்ன ஹாட்ச்பேக்கே முந்திவிடும். ஆனால் ஃபாஸ் வே என்ற பழைய ரோமானியச் சாலையில், கூரையை மடித்துவிட்டு, கியர் குமிழில் இருக்கும் ஓவர்டிரைவ் சுவிட்சை, அதாவது எஞ்சின் சுழற்சியைக் குறைத்து ஓடவைக்கும் கூடுதல் கியரின் சுவிட்சை, தட்டும்போது, ஐம்பது மைலே நூறு போலத் தோன்றும். இருக்கை அவ்வளவு தாழ்வு, லாரிச் சக்கரம் காதுக்கு நேரே சுற்றும்.

சிக்னலில் நின்றால் இப்போதெல்லாம் நியூட்ரலுக்கு வந்து கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். மனைவியின் புது ஆட்டோமேட்டிக் காரை ஓட்டும்போதும் இடதுகால் கிளட்சைத் தேடுகிறது. அவருக்கு அது சிரிப்பு. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது டயல் கேஜை மறுபடி வைத்துப் பார்ப்பேன். எட்டுக்கு மேல் போயிருந்தால்தான் கவலை.