இறந்தவருக்கு 85 சதவீதம்

இறந்தவருக்கு ஓட்டுப் போடுவார்களா என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில அவையில் ஜனநாயகக் கட்சி உறுப்பினராக இருந்த டோனி டெலூகா 2022 அக்டோபர் 9 அன்று காலமானார். வாக்குச்சீட்டில் பெயரை மாற்ற அவகாசம் இல்லை. நவம்பரில் 85 சதவீதத்துக்கும் மேல் வாங்கி ஜெயித்தார்! எதிரில் நின்றவர் பசுமைக் கட்சிக்காரர் ஒருவர்தான். மக்கள் ஆளைப் பார்க்கவில்லை, கட்சியைப் பார்த்தார்கள்.

2023 பிப்ரவரி 7 அன்று இடைத்தேர்தல். மறுபடியும் வாக்குச்சீட்டு, வாக்குச்சாவடி, ஊழியர் சம்பளம், எல்லாம் வரிப்பணம். ஆனாலும் தண்டச்செலவு என்று சொல்ல மாட்டேன். நவம்பரில் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது 102 இடம், குடியரசுக் கட்சி 101. ஒரு நாற்காலியில் அவையே கைமாறும்.

என் கோபமெல்லாம் அதே நாளில் நடந்த மற்ற இரண்டு இடைத்தேர்தல்கள் மீதுதான். அந்த இருவரும் உயிரோடு இருந்தவர்கள். மாநில அவைக்கும் அதைவிடப் பெரிய பதவிக்கும் ஒரே நேரத்தில் நின்று, இரண்டிலும் ஜெயித்து, சின்னதை ராஜினாமா செய்தார்கள். அந்தச் செலவை அவர்கள் கட்சியிடமே வசூலித்திருக்க வேண்டும்.