பக்கத்து மனையின் மூடியில்லாத தொட்டியும் நாங்கள் கொடுத்த மனுக்களும்

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே உள்ள மனையில், கூரைத்தளம் போட்டதோடு வேலை நின்றுபோன ஒரு வீடு ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. முன்புறத் தகரக் கதவை ஒட்டிக் குவிந்த குப்பையும், பின்புறம் மண்டிய சீமைக் கருவேலமும், அதற்குள்ளிருந்து எங்கள் கொல்லைக்கு வந்த பாம்புகளும் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால், கட்டுமானத்துக்குத் தண்ணீர் தேக்குவதற்காகக் கட்டி மூடியே போடாமல் விடப்பட்ட சம்ப் தொட்டியை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெருவில் மூன்று குழந்தைகளுக்கு டெங்கு வந்தது. அவர்களில் ஒருத்தி என் பேத்தி. அவள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில்தான் நான் முதல் புகாரைப் பதிவு செய்தேன்.

சென்னையில் 1913 இருப்பதைப் போல எங்கள் மாநகராட்சிக்கும் ஒரு புகார் எண் உண்டு. அதில் அழைத்து, பக்கத்து மனையில் குப்பை குவிந்திருப்பதாகச் சொன்னேன். நான்காம் நாள், புகார் தீர்க்கப்பட்டதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. போய்ப் பார்த்தால், கதவுக்கு வெளியே தெருவோரம் கிடந்த குப்பை மட்டும் அள்ளப்பட்டிருந்தது. மறுநாள் தெருவுக்கு வந்த துப்புரவு மேற்பார்வையாளரிடம் கேட்டபோது, "அது தனியார் இடம் அம்மா, பூட்டை உடைத்துக்கொண்டு நாங்கள் உள்ளே போக முடியாது" என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது என்றாலும், அவர் சொன்னது சரிதான். தனியார் மனை என்றால் முதலில் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் செய்யத் தவறினால்தான் நிர்வாகமே சரிசெய்து செலவை அவரிடம் வசூலிக்க முடியும். ஆக, உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார் என்பது தெரியாதவரை எங்கள் புகார் ஓர் அடிகூட நகராது.

தெருவில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. வழி கிடைத்தது என் சொந்தக் கிரயப் பத்திரத்தில். சொத்து விவரத்தில் நான்கெல்லை கூறும் இடத்தில், கிழக்கு எல்லையாகப் பக்கத்து மனையின் எண் இருந்தது. அதையும் சர்வே எண்ணையும் வைத்து வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டாவைப் பார்த்தபோது, மனைப்பிரிவு போட்டவரின் பெயரே இன்னும் மாறாமல் இருந்தது. பட்டாவோடு நின்றுவிடக் கூடாது என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கும் வில்லங்க விவரத்தில், அந்த மனை அதற்குப் பிறகு இரண்டு முறை கைமாறியிருந்தது தெரிந்தது. கடைசி ஆவணத்தின் சான்றிட்ட நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து, வாங்கியவரின் முகவரியைப் பெற்றேன்.

இரண்டாவது மனுவை எழுத்தாகவே எழுதினேன். அதில் குப்பையை விடக் கொசுவை முன்னே வைத்தேன். எங்கள் மதிலுக்கு மேலிருந்து கயிற்றில் வாளியை இறக்கி அந்தத் தொட்டியின் நீரை எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றியபோது, மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கிய புழுக்கள் என் நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கின. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். கொசு உற்பத்தியாகும்படி நீர் தேங்க விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 1939 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இடத்துக்குரியவர் மீது சுமத்துகிறது என்பதைக் குறிப்பிட்டு, தேதியிட்ட படங்களையும் ஆவண நகலையும் இணைத்து, பதினேழு வீட்டாரின் கையெழுத்தோடு ஆணையருக்கு ஒன்றும் மாநகர் நல அலுவலருக்கு ஒன்றுமாகக் கொடுத்தேன். தபால் பிரிவில் என் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கும் வரை நான் நகரவில்லை. பின்னால் எனக்கு மிகவும் உதவியது அந்த முத்திரைதான்.

மூன்றாம் நாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். எங்கள் மதிலிலிருந்தே நீரை எடுத்துப் பார்த்துவிட்டு, உடன் வந்த பணியாளரிடம் தொட்டியில் கொசுப்புழுக்களைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றச் சொன்னார். அறிவிப்பு அனுப்புவதாகவும் கூறினார். அதன்பின் நாற்பது நாட்கள் எந்தச் செய்தியும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு மனு அனுப்பினேன். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதிலே வரும் என்று ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவர் எச்சரித்திருந்ததால், முத்திரையிட்ட நாளைக் குறிப்பிட்டு, அந்த மனு மீதான கோப்புக் குறிப்புகளின் நகலையும் அனுப்பிய அறிவிப்பின் நகலையும் மட்டுமே கேட்டேன். முப்பது நாள் கெடுவுக்குள், இருபத்தாறாம் நாளில் பதில் வந்தது. காலிமனை வரிப் பதிவேட்டில் இருந்த பழைய பெயருக்கே அறிவிப்பு போயிருந்தது. 'முகவரியில் இல்லை' என்ற அஞ்சல் குறிப்போடு அது திரும்பி வந்து, கோப்பிலேயே தங்கிவிட்டது. சரியான முகவரி அதே கோப்பில், என் மனுவின் இணைப்பில் இருந்தது.

அதைச் சுட்டிக்காட்டி மறுநாளே கடிதம் கொடுத்தேன். கூடவே, பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடக் கோரி வருவாய்க் கோட்டாட்சியருக்கும் ஒரு மனு எழுதி வைத்தோம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 ஆம் பிரிவாக இருந்த அந்த அதிகாரம், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 152 ஆம் பிரிவாக உள்ளது. ரத்லம் நகராட்சி வழக்கில் 1980 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பணமில்லை என்று சொல்லி ஒரு நகராட்சி தன் சுகாதாரக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்ததும் அந்தப் பழைய பிரிவின் அடிப்படையில்தான்.

அந்த மனுவைக் கொடுக்க வேண்டிய தேவை வரவில்லை. இரண்டாவது அறிவிப்பு கைக்குக் கிடைத்த ஒன்பதாம் நாள் உரிமையாளரே வந்தார். மனைவியின் சிகிச்சைக்காகக் கட்டுமானப் பணத்தைச் செலவழித்துவிட்டு, வேறு ஊரில் மகனோடு இருக்கும் முதியவர். என் பேத்தியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே தொட்டிக்குக் கான்கிரீட் மூடி போட்டு, முள்மரங்களை வேரோடு எடுத்தார். போகும்போது தகரக் கதவின் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்தார். மழை பெய்த மறுநாள் நான் உள்ளே போய் மூடியின் விளிம்பையும் மேல்தளத்தில் நீர் தேங்கும் மூலையையும் பார்த்து, படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன்.