சதுரத்தின் முனையை இழுத்துப் பாருங்கள்

கணக்கு ஆசிரியர்களுக்கு நடக்கும் தொழில்நுட்பப் பயிற்சிகளில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால், மென்பொருளைக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு, அதை வைத்து ஆசிரியர்களையே கணக்குப் போட வையுங்கள் என்பேன்.

கருவிகளுக்கு இப்போது பெரிய பஞ்சமில்லை. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது, நம் கணக்குப் பாடநூலிலேயே ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதியில் க்யூஆர் கோடோடு, வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் பணித்தாள்கள் இருக்கின்றன. 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கிய அந்த மென்பொருள் பள்ளிகளுக்கு இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும், போனிலும் ஓடும். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. அந்தக் கொள்கை பற்றிய வாதம் தனி, ஆனால் மணிக்கணக்கை வைத்து அந்த மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் பார்த்த பல பயிற்சிகளில், பயிற்சி நடத்தும் கருத்தாளர் புரொஜெக்டரில் ஒவ்வொரு மெனுவாகத் திறந்து காட்டுவார், எதிரே இருப்பவர்கள் குறிப்பெடுப்பார்கள், கடைசியில் பின்னூட்டப் படிவம். பள்ளிக்குத் திரும்பிய மறுவாரம் அந்தக் குறிப்பால் வகுப்பில் எதுவும் செய்ய முடிவதில்லை. காரணம், எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் தானாகப் பிடிபடும் விஷயம். எந்தக் கேள்வியை, எந்த நேரத்தில், பிள்ளைகளிடம் போடுவது என்பதுதான் கஷ்டம்.

அதனால் பயிற்சியை வெறும் திரையில் ஆரம்பிக்கலாம். ‘ஒரு சதுரம் வரையுங்கள், ஆனால் ஒழுங்கு பலகோணக் கருவியைத் தொடக்கூடாது’ என்று மட்டும் சொல்லுங்கள் (அந்தக் கருவி சதுரத்தைத் தானே வரைந்துவிடும்). பலரும் கட்டத்தாளைப் பார்த்து நான்கு புள்ளி வைத்து இணைப்பார்கள். பார்க்க அருமையான சதுரம். ‘சரி, இப்போது ஒரு முனையைப் பிடித்து இழுங்கள்’ என்றதும் அது கோணல்மாணலாகிவிடும். செங்குத்துக்கோடும் வட்டமும் வைத்து அமைத்தவரின் சதுரம் மட்டும் எப்படி இழுத்தாலும் சதுரமாகவே நிற்கும். ஏன் நிற்கிறது என்று அந்த அறையில் எழும் பேச்சு இருக்கிறதே, அதுதான் பயிற்சி. சதுரத்தின் வரையறையைப் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் அதை முதன்முறையாகக் கையால் பயன்படுத்துவது அப்போதுதான்.

அப்புறம் ஒன்பதாம் வகுப்பின் செங்கோட்டு மையம், அதாவது முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குப் போடும் செங்குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி. தாளில் ஒரு குறுங்கோண முக்கோணம், உள்ளே ஒரு புள்ளி, அதோடு பாடம் முடிந்துவிடுகிறது. திரையில் ஒரு முனையை இழுத்தால், கோணம் 90 டிகிரி ஆகும்போது அந்தப் புள்ளி நேராக அந்த முனையிலேயே வந்து உட்காரும், விரிகோணமானால் முக்கோணத்தை விட்டு வெளியே போய்விடும். நடுக்கோட்டு மையத்தையும் (நடுக்கோடுகள் சந்திக்கும் புள்ளி) சுற்றுவட்ட மையத்தையும் (மூன்று முனைகள் வழியாகவும் போகும் வட்டத்தின் மையம்) சேர்த்துப் போட்டால் மூன்றும் எப்போதும் ஒரே கோட்டில் நிற்கும், சமபக்க முக்கோணத்தில் மட்டும் ஒரே புள்ளியாகிவிடும். ஆனால் ஆசிரியர் தானே இழுத்துக் காட்டிவிட்டால் பிள்ளைகள் வேடிக்கை பார்த்ததோடு சரி. ‘இதை இந்தப் பக்கம் இழுத்தால் புள்ளி எங்கே போகும்?’ என்று கேட்டு, ஆளாளுக்குச் சொல்வதையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிறகு இழுக்க வேண்டும். இந்த இரண்டு நிமிடப் பொறுமை எந்த மெனுவிலும் இல்லை, பயிற்சியில் பழகினால்தான் வரும்.

யாரும் தொடாத இன்னொரு இடமும் உண்டு. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் திரையில் அளக்கும்போது சில நேரம் 49.34, 60.34, 70.33 என்று காட்டும். கூட்டினால் 180.01. ‘அப்போ தேற்றம் தப்பா மிஸ்?’ என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும், கேட்க வேண்டும். தசமத்தை முழுமையாக்குவதால் வரும் வேறுபாடு என்று பதில் சொல்லலாம்தான். அதைவிட, எத்தனை ஆயிரம் முக்கோணத்தை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது, இணைகோடு வரைந்து காட்டும் அந்தப் பழைய வழிதான் நிரூபணம் என்று பேசுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. இதற்கு ஆசிரியரை முன்கூட்டியே தயார் செய்யாத பயிற்சியை நான் முழுமையானதாகச் சொல்லமாட்டேன்.

பயிற்சி முடிந்த பிறகு என்ன என்பது அடுத்த சிக்கல். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்து, பிறகு கூடிப் பேசும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் நம் குறுவள மையக் கூட்டத்தில் இதைச் செய்ய முடியாதா என்ன? பக்கத்துப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்கள் நாலைந்து பேர் போதும்.

கருத்தாளராகப் போகிறவர்களுக்கு இன்னொரு யோசனை. y = ax² + bx + c என்ற இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று ஸ்லைடர் (நகர்த்தி மதிப்பை மாற்றும் பட்டை) வையுங்கள். ஏ மாறினால் பரவளையம், அதாவது அந்த வரைபடத்தின் வளைகோடு, குறுகும், விரியும், கவிழும். சி மாறினால் மேலும் கீழும் போகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பி மட்டும் மாறினால் முனைப்புள்ளி (வளைகோடு திரும்பும் இடம்) எந்தப் பாதையில் நகரும் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள்கூட இதில் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள். முனைப்புள்ளிக்குச் சுவடு போட்டு ஸ்லைடரை நகர்த்தினால் தலைகீழான இன்னொரு பரவளையம் தெரியும். அங்கே லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, ஏன் என்பதைத் தாளில் போடச் சொல்லுங்கள்.