முதலில் காது

இன்று காலை ராயபுரத்தில் ஒரு ஓ.பி. "பையன் ஒரு எடத்துல ஒக்காரவே மாட்டானாம்மா?" என்று பயிற்சி டாக்டர் கேட்க, அம்மா பேசிக்கொண்டே போனார்.

எட்டு வயதுப் பையன் ஸ்டூலில் ஆடாமல் அசையாமல் அம்மாவின் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. சீட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

காது மந்தமான பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது, சொன்னதைச் செய்யாது. அதனால் கேட்கும் திறன் சோதனை முதலில், ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல், துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) பேச்சு அப்புறம்.

ஏ.டி.எச்.டி. என்று எழுதவும் அறிகுறிகள் 12 வயதுக்குள் தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். டீச்சர் சொல்வதைக் கேட்காமல் எப்படி முடிவெடுப்பது?

அதற்கான மாத்திரை மீதைல்பெனிடேட் தொடங்கும் முன் உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம். (உயரம் அளக்கத்தான் எந்த டாக்டரும் எழுந்திருப்பதில்லை.)

எம்.டி. மனநலம் 3 வருஷம். குழந்தைகள் மனநலத்துக்கான டி.எம். என்ற மேற்படிப்பு அதற்கு மேல் இன்னும் 3. எம்.டி.யில் பெரும்பாலும் பெரியவர்களைப் பார்த்துப் பழகியவர்கள், பதினைந்து வயதுப் பெண்ணிடமும் "சோகமா இருக்கியா?" என்றே கேட்கிறார்கள். அந்த வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வரும்.

கேட்பதையும் பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்கணும். இல்லாவிட்டால் "ஒண்ணுமில்ல டாக்டர்" மட்டும்தான் பதில்.